மெமரிக்கு ஒரு படி கீழே

ரேணிகுண்டா சாலையில் நான் திருப்பதியை விட்டு நடந்துகொண்டிருந்தேன். எதிரே மஞ்சள் துணி கட்டிய கூட்டம் மலையை நோக்கி வந்தது. முன்னால் ஒருவர் “கோவிந்தா” என்று கூப்பிட, வெகு பின்னாலிருந்து பதில் வெயிலில் மிதந்து வந்தது. காலையில்தான் எனக்கு வேலை போயிருந்தது.

கல்யாண வீடியோ எடிட்டிங் கடை அது. நான் எட்டாவதோடு நின்றவன். எண்களை மாற்றி மாற்றிப் பார்த்தே கம்ப்யூட்டரைக் கற்றுக்கொண்டேன். முகூர்த்த மாதங்களில் பிராசஸரை அதன் அளவுக்கு மேல் ஓட்டுவேன். மெமரியின் வேகத்தை 333 என்றே விட்டிருந்தேன். பிராசஸரை ஏற்றியதும் அதுவும் கூடவே ஏறி, திரையில் 400 காட்டியது. சும்மா கிடைத்த வேகம் என்று முதலாளி வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

நாராயணவனத்தில் நடந்த ஒரு கல்யாணத்தின் வீடியோவில் தாலி கட்டும் இடமெல்லாம் பச்சைக் கட்டங்களாக வந்தது. மறுபடி ஓட்டினால் கட்டங்கள் வேறு இடத்துக்குப் போயின. என்னால்தான் கெட்டது என்று முதலாளி காலையில் என்னை அனுப்பிவிட்டார். மாப்பிள்ளையைப் படிக்கவைத்த அக்காவுக்கு அமெரிக்காவிலிருந்து வர லீவு கிடைக்கவில்லை. அவளுக்காகத்தான் அந்த டிஸ்க். அன்று சாயங்காலம் அதை அமெரிக்கா கொண்டுபோகும் உறவினரோடு மாப்பிள்ளை வீட்டார் கார் விமான நிலையத்துக்குக் கிளம்புகிறது.

சாலையில் கோவிந்தா கூப்பிட்டவர் நடையைக் கூட்டினார். அடுத்த கோவிந்தா சீக்கிரமே வந்தது. பின்வரிசையின் பதில் பாதியில் உடைந்து, அடுத்த கூப்பிடுதலோடு கலந்தது. கனவில் நடப்பவன்போல அதைக் கேட்டுக்கொண்டே கொஞ்ச தூரம் போனேன். பிறகு, பின்வரிசைதான் நம் மெமரி என்று பட்டதும் ஒரு டெலிபோன் பூத்துக்கு ஓடினேன்.

“போனவன் போக வேண்டியதுதானே? கல்யாண வூட்டுக்காரங்க வந்து குந்திக்கினு கீறாங்கடா!” என்றார் முதலாளி.

“அண்ணா, பிராசஸர்ல கைவைக்காதீங்க. மெமரியை மட்டும் 266ல வெய்யுங்க.”

“நானூறு காட்டுனதை இவ்ளோ கொறைக்கச் சொல்றியே, மானம் போவுது.”

“266ன்னு வெச்சாலும் பிராசஸர் இழுக்கறதுல 320ல ஓடும். அது தாங்கற வேகம் அவ்ளோதான். நம்பரைப் பார்க்காதீங்க, தாலியைப் பாருங்க.”

ஒரு புளியமரத்தடியில் படுத்தேன். அரைத்தூக்கத்தில் கோவிந்தா வந்து வந்து போனது. நாலு மணிக்கு மறுபடி கூப்பிட்டேன்.

“சுத்தமா வந்துட்டுது. டிஸ்கை எடுத்துக்கினு போய்ட்டாங்க.” முதலாளி கொஞ்சம் இழுத்தார். “வந்துடேன்டா.”

“பஸ் ஏறிட்டேண்ணா” என்றேன். பிறகுதான் ஏறினேன். ஏன் திரும்பவில்லை என்று இன்றும் தெரியாது. சாலை இந்தப் பக்கம் போனது, நானும் போனேன்.

மறுநாள் காலை நாயுடுபேட்டையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். பெல்ட்டில் வரும் பெட்டிகளைத் தூக்கி எதிரில் நிற்பவரிடம் தர வேண்டும், அவர் அடுக்குவார். பெல்ட் வேகத்தைத் திருகும் குமிழ் என் பக்கம் இருந்தது. சூப்பர்வைசர் தெலுங்கில் எவ்வளவு வேகம் வைக்கப்போகிறாய் என்று கேட்டார். எதிரில் இருந்தவரின் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு குமிழை ஒரு படி இறக்கிவிட்டு முதல் பெட்டியைத் தூக்கினேன்.