அரைநூல் அண்ணன்

தம்பிக்கு அண்ணன் மேல் ஒன்பது வருஷக் கோபம். பாகப் பிரிவினைச் சண்டை எதுவும் கிடையாது. ஒரு நாள் பட்டறையில் தம்பி கிரைண்டிங் கல்லில் பல்சக்கரம் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, இரும்புப் பிசிறு தெறித்துக் கண்ணுக்குள் போய்விட்டது. கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து அலறினான். இரண்டு கை தூரத்தில், லேத் மெஷின் பக்கத்து ஸ்டூலில், கூடப் பிறந்த அண்ணன் இருந்தார். பார்த்தார். பார்த்தபடியே இருந்தார். எழுந்திருக்கவில்லை. தூக்கிக்கொண்டு ஓடியது வெல்டர், யாரோ பெற்ற பிள்ளை.

கண் தேறியது. மனசு தேறவில்லை.

கவனிக்காமல் இருந்திருப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. பட்டறையில் அவருக்கு அரைநூல் என்று பெயர். நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அதில் பாதி பிசகினாலும் வெறுங்கண்ணால் கண்டுபிடித்து, செய்தவன் காலடியிலேயே அந்த இரும்புத் துண்டைத் தூக்கிப் போடுவார். வீட்டில் கண்ணாடி கொஞ்சம் சாய்ந்து தொங்கினாலும் அவருக்குச் சோறு இறங்காது. “கட்டிக்கிட்டு வந்த மறுநாளே கதவுல கோடு போட்டு என் உயரத்தை அளந்த மனுஷன்” என்று அண்ணி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்தக் கண்ணுக்குத் தம்பியின் கண் தெரியவில்லையா?

போகப் போக அண்ணனின் நடை சுருங்கியது. காலைத் தரையோடு இழுத்து இழுத்து நடந்தார். அவர் பதில் சொல்வதற்குள் கேட்டவனுக்குக் கேள்வியே மறந்துவிடும். குளிக்கச் சொன்னால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். கடைசியில் பட்டறையையும் விட்டார். உடம்பு வணங்கவில்லை, அதற்கு இந்த வேஷம் என்று தம்பி தீர்த்துச் சொல்லிவிட்டான்.

பெரிய ஆஸ்பத்திரியில் மூளை ஆராய்ச்சி என்று அண்ணனைச் சேர்த்துக்கொண்டபோது அவன் சந்தேகம் இரட்டிப்பானது. வருஷா வருஷம் கூப்பிட்டுக் குழாய் மாதிரி மெஷினுக்குள் படுக்கவைத்துத் தலையைப் படம் பிடித்தார்கள். மருந்து கிடையாது, ஊசி கிடையாது. படம் மட்டும். சும்மா ஒருத்தன் இன்னொருத்தன் மண்டைக்குள் எதற்கு எட்டிப் பார்க்கிறான்? நான்காவது வருஷம் அண்ணிக்குக் கால் சுளுக்கியதால் கூடப் போகும் வேலை தம்பி தலையில் விழுந்தது. துணைக்குப் போவது மாதிரிதான் போனான். உண்மையில் குட்டை உடைக்கப் போனான்.

ஆராய்ச்சி டாக்டரம்மா கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார். சாம்பல் நிற மூளைக்குள், ஓதம் ஏறிய சுவர் போலத் திட்டுத் திட்டாக வெள்ளை. நடுவே கடுகு கடுகாகப் பள்ளங்கள். மயிரிழை மாதிரியான ரத்தக் குழாய்கள் மெல்ல மெல்லக் கெட்டுப்போனதன் தடம் என்றார். இப்படி ஆனவர்களில் சிலருக்கு நடை தளரும், யோசனை மெதுவாகும், தானாக ஒரு காரியத்தில் இறங்கும் வேகமே அடங்கிப்போகும். சுற்றியிருக்கிறவர்கள் அதைச் சோம்பேறித்தனம், திமிர் என்றுதான் நினைப்பார்கள் என்றார்.

தம்பிக்குச் சுருக்கென்றது. அண்ணி ஏதாவது ஓதிவைத்திருப்பாரோ?

“இது எப்பலேருந்து?” என்றான்.

டாக்டரம்மா பழைய படம் ஒன்றை எடுத்தார். தம்பிக்குக் கண்ணில் அடிபடுவதற்கு நாலு மாசம் முன்னால், அண்ணன் குளியலறையில் வழுக்கி விழுந்தபோது எடுத்தது. அண்ணி அலமாரியில் பத்திரமாக வைத்திருந்து கொடுத்திருக்கிறார். அதிலும் அதே திட்டுகள், கொஞ்சம் சின்னதாக. தம்பி அதிலிருந்த பெயரைப் பார்த்தான், தேதியைப் பார்த்தான், படத்தைத் திருப்பிக்கூடப் பார்த்தான்.

“இது இவர் தலைதானா?”

“வேற யார் தலைய நான் இவருக்கு மாட்ட முடியும்?” என்றார் டாக்டரம்மா.

அவன் பல்சக்கரக் கதையைச் சொன்னான். அன்றைக்கு அண்ணன் எழுந்திருக்காததற்கு இதுதான் காரணமா என்று கேட்டான். இருக்கலாம், ஆனால் சத்தியம் பண்ண மாட்டேன் என்றுவிட்டார் அவர். படத்தில் திட்டு தெரியும். ஒருத்தர் ஒரு நாள் மனசில் என்ன நினைத்தார் என்பது தெரியாது. தம்பிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. பொய்யாவது சொல்லியிருக்கலாம். ஒன்பது வருஷத்தை ஓர் ‘இருக்கலாமு’க்காக விட்டுக்கொடுப்பதா?

கிளம்பும்போது டாக்டரம்மா ஒரு படிவம் நீட்டினார். கூடப் பிறந்தவர்களின் மூளையையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்களாம், விருப்பமிருந்தால் இன்றைக்கே படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார். அண்ணன் மூளைக்கும் தன் மூளைக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்துவிடும் வீம்பில் தம்பி வாங்கிக்கொண்டான்.

வராந்தா பெஞ்சில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து மளமளவென்று எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ போட்டான். பட்டறைக்காரர்கள் படிவம் நிரப்புகிற விதமே அதுதான். அடிபட்டது உண்டா, இல்லை. காது மந்தமா, இல்லை. ‘ஆமாம்’ போட்டவனை மறுநாளே மெஷினிலிருந்து இறக்கிப் பெருக்க விட்டுவிடுவார்கள். கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் விழுந்ததுண்டா என்று ஒரு கேள்வி. மூளைப் படத்துக்குக் கண் எதற்கு, நம்மை நோட்டம் பார்க்கிறார்கள் என்று அதற்கும் ‘இல்லை’ போட்டான். அந்த மெஷின் முழுக்கக் காந்தம் என்பதும், ஒட்டிக்கொண்டிருக்கும் பிசிறை அது அசைத்தால் பார்வையே போய்விடும் என்பதும் அவனுக்குத் தெரியாது. நாலு தடவை உள்ளே போய்வந்த அண்ணனுக்குத் தெரியும்.

கையெழுத்துப் போடப் போனபோது அண்ணனின் விரல் தாளுக்கு வந்தது. நகர்ந்து நகர்ந்து அந்த வரியில் நின்றது. வார்த்தை வர வெகுநேரமானது. தம்பி முதல் முறையாக அவசரப்படுத்தாமல் காத்திருந்தான்.

“வலது கண்ணு. மூக்கோரம். பதினெட்டுப் பல்லு சக்கரம்.” நிறுத்தினார். மூச்சு வாங்கினார். “எந்திரி, எந்திரின்னு எனக்கே சொல்லிக்கிட்டு இருந்தேன்டா. கால் வரல.”

அதற்கு மூன்றாம் நாள் அண்ணனுக்குப் பேச்சே நின்றுபோனது. அந்த மாசமே போய்ச் சேர்ந்தார். தம்பியிடம் அவர் கடைசியாகக் கேட்டது, பேனாவை அவன் பக்கம் தள்ளிவிட்டு, அந்த வராந்தாவில் கேட்டதுதான்.

“அந்த ‘இல்லை’ய அடிச்சிட்டு ‘ஆமா’ன்னு போடு.”