குனிந்து போகும் வாசல்

வலி நிஜம் என்று யாரும் நம்பாத ஒரு காலம் எனக்கு இருந்தது.

நான் சேலத்துக்கு மேலே மலையில் இருக்கும் தலைச்சோலையில் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போகிறவள். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. போன மழைக்காலத்தில் பழம் பறிக்கும்போது பாசியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்க்ரூ வைத்துச் சேர்த்தார்கள். எலும்பு கூடிவிட்டது. வலி போகவில்லை. கால் ஊன்றினால் உள்ளே கண்ணாடித் துண்டு உரசுவது போல இருக்கும்.

நடக்க நடக்கச் சரியாகும் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். நான் சிறுவயதிலிருந்தே பயந்தவள். என் வீட்டுக்காரர் சிரித்தார்.

"காப்பிச்செடி ஆடுனாலே காட்டெருமைன்னு ஓடி வர்றவதானே நீ. இதும் அப்படித்தான் புள்ள."

இப்படியே முடங்கிவிடுவேன் என்று அழுதேன்.

எங்கள் வாசலில் உட்கார்ந்தால் எதிரே மலை உச்சி. அங்கே குகைக்குள் இருக்கும் சாமி நம் சேர்வராயன். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். என்னால் குனிய முடியாது. ஒரு காலை பனி வீட்டுக்குள்ளேயே வந்து அடுப்புப் புகையோடு கலந்தது. எங்கே வீடு முடிகிறது, எங்கே மலை தொடங்குகிறது என்று தெரியவில்லை. அந்தப் பனியிடமே சொன்னேன்: "சேர்வராயா, என் பயத்த நீ எடுக்க வேண்டாம். அது கூடப் பொறந்தது. வலி நெசம்னு ஒருத்தருக்காவது காட்டு."

அன்று மதியம் வீட்டுக்காரர் எண்ணெய் தேய்த்து என் காலை மெல்ல மடக்கினார். கை நின்றது. மறுபடி மடக்கினார். முகம் மாறியது.

"உள்ளார நறநறன்னு இடிக்குது புள்ள. என் கைக்கே தெரியுது. இது பயமில்ல."

வலியோடு வலியாக அழுதேன், சந்தோஷத்தில்.

வேறொரு டாக்டரம்மாவிடம் போனோம். புதிதாக எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். ஸ்க்ரூ முனைகள் எலும்பைத் தாண்டி மூட்டுக்குள் நீட்டிக்கொண்டிருந்தன. எலும்பு கூடிவிட்டதால் எடுத்துவிடலாம் என்றார். எடுத்தால் திரும்ப உடையுமா என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தேன். அவரும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார்.

ஆபரேஷன் அன்று ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. கண் சொருகியது. விளக்கு வெளுத்து வெளுத்துப் பனியானது. நான் குகைக்குள் இருந்தேன். பாறையின் குளிர்ச்சி நெற்றியில் பட்டது. எங்கோ தண்ணீர் சொட்டியது. திடீரென்று இரும்புச் சத்தம். ஸ்க்ரூவைத் தட்டில் போட்ட சத்தம் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அது கோயில் மணிதான்.

சில மாதம் கழித்து, கூட்டமில்லாத ஒரு காலையில் மலையேறினோம். குகை வாசலில் அப்போதும் பயந்தேன். வீட்டுக்காரர் தள்ளி நின்று, "மெதுவாப் போ, நான் இங்கதான் இருக்கேன்," என்றார்.

குனிந்தேன். கால் மடங்கியது. உள்ளே ஒன்றும் உரசவில்லை.

நான் இன்றும் பயந்தவள்தான். ஆனால் யாரும் கேட்கவில்லை என்று இப்போது நினைப்பதில்லை. வலியோடு இருக்கும் என் அக்கா தங்கைகளே, தைரியம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பயந்தபடியே சேர்வராயனிடம் சொல்லுங்கள்.