சிவப்பு பல்பில் கழுவிய ஃபிலிம்

இன்ஸ்டன்ட் காபித் தூளில் சலவைச் சோடாவைக் கலந்தால் அழுகிய மீனும் ஈரச் சாக்கும் சேர்ந்தாற்போல ஒரு நாற்றம் கிளம்பும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் லைன் வீட்டில், ஆலைப் புகைக்கே பழகிப்போன மூக்குகளுக்கும் அது குமட்டியது. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சமையலறையில் ஒரு பேசின் நிறைய அதைக் கரைத்து வைத்திருந்தோம், செத்துப்போன என் தம்பி சாமுவேலின் முகத்தைப் பார்ப்பதற்காக.

சாமுவுக்கு மூன்று வயதுகூட முடியவில்லை. விட்டுவிட்டு வந்த காய்ச்சல் பொங்கலுக்கு முன்னால் அவனைக் கொண்டுபோயிற்று. எங்கள் வீட்டில் படம் எடுக்க ஒரு கல்யாணமாவது வரவேண்டும். அவன் இருந்த காலத்தில் யாருக்கும் வரவில்லை. இருந்ததெல்லாம் நைனா காயலான் கடையில் வாங்கிய பழைய கேமராவில், மலிவாகக் கிடைத்த கறுப்பு வெள்ளை ரோலைப் போட்டு, கிறிஸ்துமஸ் அன்று அவனையே சுற்றிச் சுற்றி எடுத்த படங்கள்தான். பஜார் ஸ்டூடியோவில், கறுப்பு வெள்ளை இங்கே கழுவுவதில்லை, மெட்ராசுக்கு அனுப்பவேண்டும் என்றார்கள். "வழியில தொலைஞ்சிட்டா இன்னா பண்றது? என் புள்ள அதுக்குள்ள கீறான்யா" என்று நைனா ரோலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார்.

நைனாவோடு வேலை செய்த தேவராஜ் மாமா, வெல்டிங் இணைப்புகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க எடுக்கும் எக்ஸ்ரே ஃபிலிம்களை ஆலையில் கழுவுகிறவர். அங்குள்ள மருந்தை வெளியே கொண்டுவர முடியாது, கேட்டில் டிபன் பாக்ஸைக்கூடத் திறந்து பார்ப்பார்கள். ஆனால் காபியிலும் ஃபிலிம் கழுவலாம் என்று, பயிற்சிக்கு வந்த பையன் ஒருவன் அவரிடம் சொல்லியிருந்தான். காபித் தூள், சலவைச் சோடா, ஆஸ்பத்திரியில் தரும் புளிப்பு வைட்டமின் மாத்திரை. வந்த படம் நிலைத்து நிற்கக் கல்லுப்புத் தண்ணீர். "டெய்லி கழுவற கை இது, பேஜாரே இல்ல" என்றார் மாமா. ஜன்னலைக் கம்பளியால் மூடினோம். "நாங்க செவப்பு லைட் போட்டுக்கினுதான் கழுவுவோம்" என்று அவர் சொன்னதும், ஏசு படத்தின் முன்னால் எரிந்துகொண்டிருந்த சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பை அம்மாவே கழற்றிக் கொடுத்தாள்.

அந்தச் செவ்வெளிச்சத்தில் நைனாவும் மாமாவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஃபிலிமைக் காபித் தண்ணீரில் மேலும் கீழும் இழுக்க, முதலில் அது சாம்பல் நிறமாயிற்று, பிறகு கறுத்தது, பிறகு முழுக்கக் கறுத்தது. "நெகட்டிவ்னா அப்டித்தான், கறுப்பெல்லாம் பிரிண்ட்ல வெள்ளையாய்டும்" என்று நைனா சொல்ல, நாங்கள் எல்லோரும் நம்பினோம். உப்புத் தண்ணீரில் ஊறிக் காய்ந்ததை அம்மா வெயிலில் உயர்த்திப் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பிள்ளையைத் தேடினாள். பார்க்கச் சகிக்கவில்லை.

ஸ்டூடியோவுக்கு நைனா என்னையும் கூட்டிப்போனார். கடைக்காரர் ஒரு பார்வைதான் பார்த்தார். "இன்னா லைட்டுல கழுவுனீங்க?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "எக்ஸ்ரேவுக்கு செவப்பு ஒண்ணும் பண்ணாதுங்க. கேமரா ஃபிலிமுக்கு கும்மிருட்டு வேணும். இதுல இனிமே ஒண்ணும் இல்ல" என்றார். வீட்டுக்கு வந்ததும் நைனா அம்மாவிடம், "பழைய ரோலாம், வாங்கும்போதே கெட்டுப்போனதாம்" என்றார். தேவராஜ் மாமாவிடமும் அதையே சொன்னார். அம்மா பல்பைப் பழைய இடத்திலேயே மாட்டினாள். தினமும் அதன் எதிரில் முழங்கால் போட்டேன், ஒரு வார்த்தைகூட ஜெபிக்க வரவில்லை. அந்தப் பல்பின் மேல் வந்த வெறுப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது.

நைனா போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த லைன் வீடுகளை இடித்து லாரி நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். அம்மா என்னோடு வேப்பம்பட்டில் இருக்கிறாள். போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் மகனை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சாமு இவன மாரிதான இருந்தான்? மூக்கு இப்டித்தான?" என்று கேட்டாள். நான் நினைத்துப் பார்த்தேன். மூக்கு வரவில்லை, கண் வரவில்லை, எதுவுமே வரவில்லை. "ஆமாம்மா, அச்சு அசல் இவனேதான்" என்றேன்.

அம்மா பெருமூச்சு விட்டாள். "எனக்கு மறந்தே பூட்ச்சிடி. நல்ல காலம், உனக்காச்சும் ஞாபகம் கீதே."