பழைய கட்டடத்துக்கு உள்ள விலக்கு

டேப் அக்காவுக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது. கைப்பையில் கிடக்கும் அளவு டேப்பை இழுத்து, சட்டென்று விடுவாள். அன்று காலையிலிருந்து நகரமைப்பு அலுவலகத்தில் அந்தச் சத்தம் ஓயவில்லை.

காரணம், நகரமைப்பாளர் சங்கத்தின் மூன்று பக்கச் சுற்றறிக்கை. உறுப்பினர் தகுதியை நாடு முழுக்க ஒரே மாதிரி ஆக்குகிறார்களாம். இனி பட்டதாரிகள்தான் உறுப்பினர். அக்கா மாதிரி டிப்ளமோ படித்தவர்களின் உறுப்பினர் அட்டை அடுத்த மாதம் முதல் தேதி செல்லாமல் போகும். அட்டை இல்லாதவர் வரைபடத்தில் கையெழுத்துப் போட முடியாது. கையெழுத்துப் போட முடியாதவளுக்கு அந்த நாற்காலியில் என்ன வேலை? இருபத்து நான்கு வருடம் சந்து பொந்தெல்லாம் நடந்து அளந்தவளை மூன்று தாளில் துடைத்துப் போட்டுவிட்டார்கள், பாவிகள்.

வீட்டில் லேத் பட்டறைக்காரக் கணவன் தாளைப் படித்தான். "சங்கத் தலைவர் உன் பழைய ஆபீசர்தானே? போய்க் கெஞ்சிப் பாரேன்."

"கெஞ்சணுமா? அந்த மனுஷன் ஒரு வரைபடத்தையாவது பிரிச்சுப் பாத்திருப்பாரா? நான் ராப்பகலா வரைவேன். 'தயாரித்தவர்'னு போட்ட எடத்துல அவரு கையெழுத்துப் போடுவாரு. படிக்கக்கூட மாட்டாரு!"

சனிக்கிழமை பொதுக்கூட்டம். "தரம் உயரணும்னா சில பேருக்கு வலிக்கத்தான் செய்யும்" என்று தலைவர் பேசிக்கொண்டிருந்தபோது அக்கா எழுந்தாள். கையில் பழைய நிலப் பயன்பாட்டுத் திட்டம் ஒன்று.

"சார், இது நீங்க கையெழுத்துப் போட்டது. கடைசி வரியப் படிங்க."

தலைவர் கண்ணாடியைத் தேடினார். அவள் காத்திருக்கவில்லை. "'இவ்விதிகள் வருமுன் முறையாகக் கட்டப்பட்டவை அப்படியே தொடரலாம்.' இந்த வரி இல்லாம ஒரு திட்டமாவது நாம வெளிய விட்டிருக்கோமா? பழைய இரும்புக் கடைக்குக் குடுத்தோம். இடிஞ்சு விழப்போற கக்கூஸுக்குக்கூட இந்த விலக்கக் குடுத்தோம். மனுஷங்களுக்கு விதி எழுதறப்ப மட்டும் எப்படி சார் மறந்து போச்சு?"

அங்கிருந்த அத்தனை பேரும் அந்த வரியை நூறு தடவை எழுதியவர்கள். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்.

தலைவர் முகம் சுண்டிப்போயிற்று. "விட்டுப்போச்சும்மா. நீங்களே எழுதிக் குடுத்துடுங்க."

நின்றபடியே எழுதினாள். 'இத்தகுதிகள் வருமுன் முறையாக உறுப்பினரானவர்கள் அப்படியே தொடரலாம்.' திருத்தம் என்றால் கீழே தயாரித்தவர் கையெழுத்து வேண்டும். அதற்கும் கோடு போட்டாள். கைகள் உயர்ந்தன. திருத்தம் நிறைவேறியது.

தாள் மேடைக்குப் போனது. தலைவர் அதை இழுத்து, பேனாவைத் திறந்து, ஒரு வரியும் படிக்காமல் அந்தக் கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அது வெறும் பழக்கம்தான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

விறுவிறுவென்று மேடை ஏறினாள். அவர் கையெழுத்தை ஒரே கோடாக அடித்தாள். பக்கத்தில் தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"என்னம்மா இது?"

"உங்க பழைய சுற்றறிக்கைப்படி பாத்தாக்கூட என் அட்டை இன்னும் ஒம்பது நாள் செல்லும் சார்" என்றாள்.