அப்பாவின் படையலில் மரவள்ளிக்கிழங்கு

இன்று அப்பாவின் முதல் திதி. அவருக்குப் பிடித்ததையெல்லாம் படைக்க வேண்டுமென்று விடிந்ததிலிருந்து சமையல்.

பத்து மணிக்கு அப்பா இருந்த தமிழர் சங்கத்தின் தலைவர், பினாங்கு ஜார்ஜ்டவுனிலிருந்து பாயான் பாருவில் உள்ள எங்கள் வீடு வரை காரில் ஒரு பெரிய சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். திறந்தால் மரவள்ளிக்கிழங்குக் கறி.

"ஜப்பான்காரன் ஆண்ட பஞ்ச காலத்துல இதைத் தின்னுதானே உசிரோட இருந்தேன்னு உங்கப்பா கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வாரு லா. அதான் ஸ்பெஷலா செஞ்சு கொண்டாந்தேன்."

"சொன்னது உண்மைதான் அண்ணே. அதனாலதான் அப்புறம் அதைக் கண்ணால பார்க்கவே அவருக்குப் பிடிக்காது!"

பக்கத்து வீட்டு மலாய் அக்கா கொடுத்த கிழங்குப் பலகாரத்தைக்கூட, எங்களை வாசலிலேயே தின்றுவிட்டு வரச் சொன்ன மனிதர் அவர்.

தலைவர் எங்கே கேட்டார்? இலையின் நடுவில், அப்பா படத்துக்கு நேராக வைத்தே விட்டார். பந்தல் போடுவதிலிருந்து பாடை தூக்குவது வரை நாற்பது வருடம் சங்கத்துக்காக ஓடியவருக்குச் சங்கம் செய்த மரியாதை! பந்தி முடியட்டும், தலைவரை நன்றாகத் திட்டிவிடுவது என்று இருந்தேன்.

பந்தியில் பார்த்தால், அப்பாவின் தங்கை இரண்டாம் தடவையாகக் கிழங்கு கேட்கிறார்.

"அத்தை, நீங்களுமா?"

"அப்ப இருந்த கொஞ்சம் சோத்தை எங்களுக்குப் போட்டுட்டு, அண்ணன் கிழங்கை மட்டும் தின்னும். கேட்டா, 'எனக்கு இதான் பிடிக்கும்'னு சொல்லிடும். எங்களுக்கு ஒரு துண்டு தராது. அவ்வளவு ருசியான்னு ஏங்கியிருக்கேன்மா."

ஆக, அது பிடிக்கும் என்று முதலில் பொய் சொன்னதே அப்பாதான்.

இனி நான் தலைவரை எந்த முகத்தோடு திட்டுவது? யாராவது சொல்லுங்கள் லா.