ஓரம் வெட்டாத கலைஞன்

பேருந்து நிலையத்துக்கு எதிரே, பல் டாக்டருக்கு மேல்மாடியில் இருக்கிறது என் ஸ்டுடியோ. வீங்கிய கன்னத்தோடு தவறிப்போய் மாடியேறி வருகிறவர்களைக்கூட என் கொள்கையைச் சொல்லாமல் நான் திருப்பி அனுப்பியதில்லை. எடுத்த படத்தின் ஓரத்தை நான் வெட்டமாட்டேன். தொழிலில் அதற்குக் கிராப் என்று பெயர். எது வேண்டும், எது வேண்டாம் என்று பட்டனை அமுக்குவதற்கு முன்பே தீர்மானிக்கிறவன் கலைஞன், பிறகு கம்ப்யூட்டரில் வெட்டுகிறவன் தையல்காரன் என்று பீற்றிக்கொள்வேன். பக்கத்துக் கடைத் தையல்காரர் அதைக் காதில் வாங்கிய நாளிலிருந்து என்னோடு பேசுவதில்லை. என் சட்டைக்குப் பட்டன் தைக்க வேறு தெருவுக்குப் போகிறேன்.

அக்கா வீட்டுக்கு நான்தான் ஆஸ்தான புகைப்படக்காரன். அங்கே அக்கா, அத்தான், ஒரே மகள். அத்தான் பிளம்பர், நெடுநெடுவென்று உயரம். ஜன்னல் வெளிச்சத்தை முகத்தில் திருப்பிவிட ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை வேண்டும். அதைத் தூக்கிப் பிடிக்க உயரமான, எதிர்க்கேள்வி கேட்காத ஆள் வேண்டும். அத்தானுக்கு இரண்டு தகுதியும் இருந்தன.

"அத்தான், இன்னும் கொஞ்சம் தள்ளிக்குங்க. ஃப்ரேம்ல வர்றீங்க."

தள்ளிக்கொள்வார். பல வருடமாகத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் ஸ்டுடியோவுக்கு வந்தாள்.

"மாமா, அப்பா படம் ஒண்ணு வேணும். பர்ஸுல வச்சுக்கணும்."

"ஒண்ணு என்னம்மா, நூறு தர்றேன்" என்று வாயை விட்டேன்.

கம்ப்யூட்டரைத் திறந்து அவள் குழந்தைப் பருவத்திலிருந்து ஆரம்பித்தேன். அவள் தவழ்கிறாள், ஓரத்தில் ஒரு முழங்கை. பள்ளிக்கூடம் கிளம்புகிறாள், சுவரில் ஒரு நீண்ட நிழல். பட்டம் வாங்குகிறாள், ஒரு செருப்பு நுனி. "இதோ அப்பா" என்று நான் உற்சாகமாகக் காட்டிய இடத்தில் அட்டையைப் பிடித்த கட்டைவிரல் இருந்தது. வர வர என் குரல் கம்மிப்போனது.

"வெட்டவே மாட்டேன்னு சொல்வீங்களே மாமா?"

"எடுக்கும்போதே வெட்டிட்டேன்மா" என்று அசடு வழிந்தேன்.

நான் ஏளனம் செய்த வெட்டுக்காரர்களிடம் முழுப்படமாவது ஒரு மூலையில் கிடக்கும். என்னிடம் அதுவும் இல்லை. பெற்ற அப்பாவை ஒரு பெண்ணின் பர்ஸுக்குக்கூட மிச்சம் வைக்காமல் கலை வளர்த்திருக்கிறேன்.

"இப்பவே உங்கப்பாவ வரச் சொல்லு. பிரமாதமா எடுத்துடலாம்."

"கேமராவப் பார்த்தா போலீஸ்ல மாட்டுன மாதிரி நிப்பாரு. எனக்குச் சிரிக்கிற அப்பா வேணும்."

தன் போனை எடுத்தாள். அவளுடைய பிறந்தநாளுக்கு நான் கேக்கைப் படம் எடுத்தபோது, கேக்குக்குப் பின்னாலிருந்து அவள் என்னை எடுத்திருந்தாள். படம் கோணல். நடுவில் நான். ஒரு முட்டி தரையில், ஒரு கண் மூடி, நாக்கு வெளியே, பட்டன் தெறித்த இடைவெளியில் எட்டிப் பார்க்கும் தொப்பை. இடது மூலையில் தலைக்கு மேல் அட்டையோடு அத்தான். கண் இடுங்க, பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தாலும் தள்ளி நிற்கச் சொல்லியிருப்பேன்.

"இதுல உங்கள வெட்டிடுங்க மாமா."

"தலைக்கு மேல இடம் பத்தாதும்மா. படம் வேற சாஞ்சிருக்கு. வெளிச்சமும்..."

"மாமா."

மவுஸைப் பிடித்தேன். முதலில் தொப்பை போனது, பிறகு நாக்கு, கடைசியில் என் கேமரா. அத்தான் மட்டும் மிஞ்சினார். தொழிலுக்கு வந்ததிலிருந்து நான் செய்த முதல் கிராப் அது.

பிரிண்டை வாங்கியவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பர்ஸில் வைத்தாள்.

"அங்க யாராவது, உங்கப்பா எதப் பார்த்து இப்படிச் சிரிக்கிறாருன்னு கேட்டா, எங்க மாமாவப் பார்த்துன்னு சொல்லிக்கிறேன்."

அத்தனை வருடமும் அந்த மனிதர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார், நான்தான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.