அக்கா தனக்கென்று ஊற்றிக்கொண்ட பால்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்கள் எல்லோருக்கும் அவர் பேச்சும் சிரிப்பும் நினைவிருக்கும். ஐம்பதை நெருங்கும் வயதில் அவர் தம் உடம்பைத் தேற்றி எடுத்த கதை சிலருக்குத்தான் தெரியும். அதைத் தங்கையான நான் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில். அப்பா சீக்கிரமே இறந்துவிட்டதால், சித்திரபுரம் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு அம்மாவோடு கொழுந்து பறிக்கப் போனார். யாருக்காவது காய்ச்சல் வந்தால்தான் அந்நாளில் எங்கள் வீட்டில் பால் வாங்குவார்கள். எனக்கு வந்தால் கொண்டாட்டம். அடுப்பருகே அக்கா என்னை மடியில் இருத்தி, பாலாடையை விரலால் வழித்து ஊட்டுவார். "உனக்கு வேணாமாக்கா?" என்றால், "எனக்குப் பால் வாடையே ஆகாது" என்பார். வெகுகாலம் அதை நம்பினேன்.

திருமணமாகிச் சின்னக்கானல் போனபின் அங்கும் கொழுந்து பறிக்கப் போனார்; வீட்டுக்குப் பின்னால் ஒரு பசுவும் வளர்த்தார். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டம்ளர் போக மீதிப் பால் சொசைட்டிக்கு. அக்காவுக்குப் பால் சேர்க்காத கட்டன் சாயாதான்.

பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போன பிறகு, தேயிலை ஃபேக்டரியில் இருந்த அத்தான் பக்கவாதத்தில் விழுந்தார். கனத்த உடம்பு. ஒருநாள் அக்கா அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றப் போய் இருவரும் சேர்ந்தே தரையில் விழுந்தார்கள். பக்கத்து வீட்டார்தான் ஓடிவந்து தூக்கினார்கள்.

செய்தி கேட்டு அத்தானின் அண்ணன் போடியிலிருந்து வந்தார். அக்கறையோடுதான் சொன்னார்: "ஏம்மா, உன்னால இவனத் தூக்க முடியாது. தேனிப் பக்கம் ஒரு ஹோம் இருக்கு. நல்லாப் பாத்துக்கிடுவாங்க."

அத்தான் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

"மழ முடியட்டும் பெரியத்தான். அதுக்குப் பெறகும் என்னால முடியலன்னா நீங்க சொல்றபடி செய்யலாம்."

பஞ்சாயத்திலிருந்து நோயாளிகளை வீடு தேடி வந்து பார்க்கும் சிஸ்டரிடம், ஆளைத் தூக்கும் முறையைக் கற்றுத்தரச் சொன்னார். மலையாளியான சிஸ்டர் அக்காவின் புஜத்தைப் பிடித்துப் பார்த்தார்.

"சொல்லித் தரலாம் சேச்சி. ஆனா மொதல்ல உங்களுக்குப் பலம் வேணும். இந்த வயசுல தசை தன்னால கொறையும். சோறும் கட்டன் சாயாவும் போதாது. பால், தயிர், பனீர், முட்டைன்னு புரதம் உள்ளதச் சாப்பிடணும். பாரமும் தூக்கிப் பழகணும். சாப்பிட்டா மட்டும் தசை வராது, கேட்டோ?"

டாக்டரும் ரத்தப் பரிசோதனை செய்து சரி என்றார். மறுநாள் காலைக் கறவை சொசைட்டிக்குப் போகவில்லை. அன்று நான் அங்கிருந்தேன். பெரிய டம்ளரில் பாலை ஊற்றிக்கொண்டு, திருடிக் குடிப்பவர் போல வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குடித்தார்.

"வாடையே ஆகாதுன்னியே?"

"எம்புட்டு ருசியா இருக்குடி!" என்று உதட்டு நுரையைத் துடைத்துச் சிரித்தார்.

எலுமிச்சை பிழிந்து பாலைத் திரியவைத்து, துணியில் கட்டிப் பனீர் செய்யப் பழகினார். வடிந்த தண்ணீரைக் கொட்ட மனம் வராமல் அதிலேயே சப்பாத்தி மாவு பிசைவார். கொழுந்தெடுத்து வந்த களைப்போடு பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுவார். பால் கேனில் தண்ணீர் ஊற்றித் தூக்குவார். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் கூட்டுவார்.

"என்னக்கா, பயில்வானாகப் போறியளா?" என்று லயத்துப் பெண்கள் சிரித்தார்கள்.

"ஆமாடி. வீட்டுல ஒரு ஆளத் தூக்கணும்ல."

பிறகு அவர்களிலும் சிலர் கேனோடு வந்து நின்றார்கள்.

மழை விட்டதும் பெரியத்தான் மறுபடி வந்தார். அவர் பார்க்க, அக்கா சிஸ்டர் கற்றுத்தந்தபடி அத்தானின் முழங்காலுக்குத் தம் முழங்காலை முட்டுக் கொடுத்து, அவர் இடுப்பில் கட்டிய பெல்ட்டைப் பிடித்து எழுப்பி, பதமாக நாற்காலியில் உட்கார வைத்தார். பெரியத்தான் தம்பியின் தோளைத் தட்டினார். பிறகு, "தயிர் இருந்தா ஊத்தும்மா, சாப்பிட்டுட்டுக் கெளம்புறேன்" என்றார். ஹோம் பற்றிய பேச்சு அத்தோடு முடிந்தது.

அந்த வீட்டின் மாலைப்பொழுதுகள் இன்னும் என் கண்ணில் இருக்கின்றன. வாசலில் நாற்காலி, கையில் மோர், எதிர்ச்சரிவில் இறங்கும் மஞ்சு மூட்டம். தினமும் அக்கா அத்தானை அணைத்துப் பிடித்து நிற்கப் பழக்குவார். "காலை ஊனுங்க, நான் புடிச்சிருக்கேன்ல" என்ற குரல் தெருமுனை வரை கேட்கும்.

சென்ற ஆண்டு மழையில் வந்த காய்ச்சல் அக்காவின் நுரையீரலைப் பிடித்தது. அடிமாலி ஆஸ்பத்திரியில் என் கையைப் பற்றி, "அவர நிக்க வைக்கிறத விட்டுராதீங்க" என்றார். விடிவதற்குள் போய்விட்டார்.

வைத்தியம் பார்த்த டாக்டர்களுக்கும், சிஸ்டருக்கும், அன்று எங்களைச் சமைக்க விடாமல் சோறு கொண்டுவந்த லயத்துப் பெண்களுக்கும், மழையில் மலையேறி வந்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அன்று அக்காவுக்கு வாய்க்கரிசி போடும் நேரத்தில் மகன் அத்தானைத் தூக்கக் குனிந்தான். "விடுப்பா" என்றார் அத்தான். நாற்காலியின் கையை ஊன்றி, தாமாகவே எழுந்தார். ஒருபக்கம் சாய்ந்து நிமிர்ந்தார். யாரும் பிடிக்கவில்லை. அரிசியை இட்டுவிட்டு, அக்காவை வெளியே எடுத்துச் செல்லும்வரை நின்றுகொண்டே இருந்தார்.